படகுக்கு அடியில் ஒரு ஆப்பு

“விழற மாதிரி இருந்தா சொல்லு, பிடிக்கறேன்” என்றான் லொள்ளு, ஏணியின் அடியில் நின்றுகொண்டு.

“முன்னாடியே சொல்லணுமா, விழுந்துட்டுச் சொன்னாப் போதுமா?” பட்டறை வாசலில் தரைமேல் தூக்கி நிறுத்தியிருந்த படகின் மேலேயிருந்து அத்தையின் குரல் வந்தது.

“உன் சௌகரியம்.”

பேச்சுதான் இப்படி. லொள்ளுவின் அப்பா லாக்கப்பில் இருக்கிறார். வாழ்நாளில் ஒரு நட்டைக்கூட அரைகுறையாக முடுக்காத மனுஷர், ஃபிராடு என்று பட்டம் வாங்கிக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, போலீஸ்காரர் கொடுக்கிற டீயைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார். அவரை அங்கே உட்கார வைத்தவன் எவனோ, அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து அதே லாக்கப்பில் தள்ளாவிட்டால் பெயரையே மாற்றிக்கொள்வதாக லொள்ளு சபதம் போட்டிருந்தான். “ஏற்கெனவே உன் பேரு லொள்ளு. இதைவிடக் கேவலமா என்ன வெச்சுக்கப் போறே?” என்று கேட்டாள் அத்தை. அவளும் சிரிக்காமல்தான் கேட்டாள். உள்ளே போயிருப்பது அவள் கூடப்பிறந்த அண்ணன்.

அத்தை என்றதும் நரைத்த தலையைக் கற்பனை செய்துவிட வேண்டாம். மருமகனைவிட இரண்டே வயது மூத்தவள். ஒரே சைக்கிளில் விழுந்து எழுந்து ஒன்றாக வளர்ந்தவர்கள். துப்பறிவது அவள் தொழில். அவளுக்கு வண்டி ஓட்டுவதும், ஓட்டும்போது வாயடிப்பதும் அவன் தொழில்.

வழக்கு இதுதான். துறைமுகத்தில் மிதவையில் கட்டியிருந்த கேப்டனின் பாய்மரப் படகு ஒரு ராத்திரி மூழ்கிப்போனது. காலையில் கேபினுக்குள்ளே கேப்டனின் உடல் கிடைத்தது. காரணம், சிங்க்குக்கு அடியில் இருந்த ஒரு வால்வு. இப்படிப்பட்ட படகுகளுக்கு அடியில் இரண்டு விரல் நுழைகிற அளவில் சில துளைகள் இருக்கும். சிங்க் தண்ணீர் வெளியே போக ஒன்று, எஞ்சினுக்குக் கடல்தண்ணீர் வர ஒன்று என்று. ஒவ்வொரு துளையின் மேலும் ஒரு வால்வு உட்கார்ந்திருக்கும். அந்த வால்வு போனால் கடல் நேராக வீட்டுக்குள் வந்துவிடும்.

அந்த வால்வுகளைப் புதிதாக மாற்றிக் கொடுத்தவர் லொள்ளுவின் அப்பா, துறைமுகத்தின் ஃபிட்டர். நாலையும் வெண்கலத்தில் மாற்றினேன் என்றார் அவர். படகைத் தூக்கிப் பார்த்தால் மூன்றுதான் வெண்கலம். உடைந்த நாலாவது, உப்பு அரித்துச் சிவந்துபோன பழைய பித்தளை. “மூணை மாத்திட்டு நாலாவதை ஏமாத்திட்டான், ஒரு உயிர் போச்சு” என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. கேப்டனின் மனைவி துறைமுக வாசலில், அத்தனை பேர் பார்க்க, ஃபிட்டரைக் கன்னத்தில் அறைந்தாள். அவர் திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. லொள்ளு அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். அந்தச் சத்தம் இன்னும் அவன் காதில் இருக்கிறது.

இன்று சாயங்காலம் படகு கிளப்பில் கேப்டனுக்கு நினைவுக் கூட்டம். அதிலேயே ஃபிட்டர் இனி இந்தத் துறைமுகத்தில் எந்தப் படகையும் தொடக்கூடாது என்று தீர்மானம். நாளைக் காலையில் படகை உடைக்கப் போகிறார்கள். அதற்குள் ஏதாவது கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கிடைக்கவே போவதில்லை.

“மேல வா” என்றாள் அத்தை. “மூக்கைப் பொத்திக்கிட்டு வா.”

கேபினுக்குள் சேறும் டீசலும் கலந்து நாறியது. மெத்தைகள் ஊறிப் பிதுங்கிக் கிடந்தன. சிங்க்குக்கு அடியில் இருந்த அலமாரிக் கதவைத் திறந்து, அத்தை டார்ச்சோடு குப்புறப் படுத்திருந்தாள். லொள்ளுவும் பக்கத்தில் படுத்தான்.

உடைந்த வால்வு அப்படியே இருந்தது. கழுத்து முறிந்து, ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. அதன் இரும்புக் கைப்பிடி வளைந்திருந்தது. கீழே ஒரு இரும்புக் குழாய்த் துண்டு கிடந்தது. பக்கத்தில் ஒரு கயிற்றில் கூம்பு மாதிரி ஒரு மரக்கட்டை.

“இது என்ன, பம்பரமா?”

“ஆப்பு. வால்வு உடைஞ்சா அவசரத்துக்கு ஓட்டையில அடிச்சு அடைக்கறதுக்கு. ஒவ்வொரு வால்வுக்கும் ஒண்ணு பக்கத்துலயே கட்டித் தொங்க விடுவாங்க.”

“அப்ப கேப்டன் ஏன் அடிக்கல?”

“பாதி முறிஞ்சு துருத்திக்கிட்டு நிக்குது பாரு, இதுக்குள்ள ஆப்பு எப்படிப் போகும்? அதை விடு. மத்த மூணு ஆப்பையும் பாரு, அப்புறம் இதைப் பாரு.”

லொள்ளு தவழ்ந்து தவழ்ந்து மூன்றையும் பார்த்துவிட்டு வந்தான். சேற்றைத் துடைத்தால் மூன்றும் வெறும் மரம். நாலாவதில் மட்டும், மெல்லிய முனைக்குக் கொஞ்சம் மேலே, சுற்றிலும் ஒரு நீல வளையம்.

“பெயிண்ட்.”

“எந்தப் பெயிண்ட்?”

லொள்ளு பதில் சொல்ல வாயைத் திறந்தான். வெளியே ஏணி கிறீச்சிட்டது.

“யாரைக் கேட்டு ஏறினீங்க?”

கேபின் வாசலில் கேப்டனின் மனைவி நின்றாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவள், ஊருக்கே அவள் டீச்சர்தான். அவளுக்குப் பின்னால் அவள் தம்பி. துறைமுகத்தில் தண்ணீருக்குள் முங்கி வேலை செய்கிற ஒரே ஆள், ஆகவே டைவர். படகைத் தூக்கியவனும், கேப்டனின் உடலை வெளியே எடுத்தவனும் அவன்தான். படகுக்குக் காவலும் அவனே.

“இன்ஸ்பெக்டரைக் கேட்டுத்தான், டீச்சர்” என்றாள் அத்தை, எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே. “சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கலாம்னு சொன்னார்.”

“நல்லாப் பாருங்க. உங்க அண்ணன் பண்ணின வேலையைப் பாருங்க. அந்த ஆள் வெளிய வரக்கூடாது. வந்தா, இந்த ஊர்ல ஒரு ஸ்பேனரைத் தொடக்கூடாது. தண்ணியைப் பாக்கறப்ப எல்லாம் அவனுக்கு மூச்சு முட்டணும். அதுவரைக்கும் எனக்குத் தூக்கம் வேண்டாம்.”

லொள்ளுவுக்கு முகம் சூடேறியது. “எங்களுக்கும் தூக்கம் இல்லதான் டீச்சர். வேணும்னா ஒண்ணா உக்காந்து முழிச்சிருப்போம்.”

“டேய்” என்றாள் அத்தை. பிறகு குரலைத் தாழ்த்தி, “டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கோபப்படாம சொல்லுங்க. அன்னைக்கு ராத்திரி கேப்டன் எதுக்குப் படகுக்குப் போனார்?”

“எத்தனை தடவை சொல்றது? சாப்பிட உக்காந்தார். தட்டுல கை வெச்சவர், ‘ஐயோ, வால்வு’ன்னு நெத்தியில அடிச்சுக்கிட்டு எழுந்துட்டார். மூட மறந்துட்டேன்னு போனார். சாப்பிட்டுட்டுப் போங்கன்னு கெஞ்சினேன். தட்டை மூடி வெச்சுட்டு விடிய விடிய உக்காந்திருந்தேன்.” அவள் குரல் உடைந்தது. உடனே அதைச் சரிசெய்துகொண்டாள். “கடமையில கண்ணா இருந்தவரு. வால்வை மூடாம படகைவிட்டு இறங்கவே மாட்டார். வீட்டுலகூட கேஸ், குழாய், எல்லாத்தையும் கையால தொட்டுப் பாத்துட்டுத்தான் வாசல் தாண்டுவார். அப்படிப்பட்டவரைக் கொன்னுட்டீங்களே!”

அத்தை தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலை லொள்ளுவுக்குத் தெரியும். எதையோ பிடித்துவிட்டாள், இப்போது சொல்லமாட்டாள்.

“டைவர் தம்பி” என்று திரும்பினாள். “படகுக்கு அடியில என்ன கலர்?”

“நீலம்” என்றான் டைவர். “போன வருஷம் வரைக்கும் சிவப்பு. இந்த வருஷம் மாமா நீலம் அடிச்சார்.”

“எப்ப அடிச்சார்?”

“படகு தரையில இருந்தப்ப. ஃபிட்டர் வால்வு எல்லாம் மாட்டி முடிச்சப்புறம், கடைசியா. அடிச்சு, காய்ஞ்சதும் கிரேன்ல தூக்கித் தண்ணில விட்டோம்.”

“தண்ணில விட்டதும் அண்ணன் நாலு வால்வையும் திறந்து மூடிக் காட்டினார் இல்ல? ஒழுகலன்னு எல்லாரும் பாத்தீங்க.”

“பாத்தோம்.”

“அதுக்கப்புறம் அண்ணன் இந்தப் படகுல கால் வெச்சாரா?”

“இல்ல.”

அத்தை அலமாரிக்குள் கையைவிட்டு ஆப்பைக் கயிற்றோடு வெளியே இழுத்தாள். “டீச்சர், இங்க பாருங்க. இது உள்ளுக்குள்ள தொங்கற கட்டை. உள்ளுக்குள்ள எங்கயும் நீலப் பெயிண்ட் கிடையாது. அது படகோட அடியில, வெளிப்பக்கம்தான் இருக்கு. இந்த வளையம் இதுல எப்படி வந்துச்சு? ஒரே வழிதான். யாரோ இந்த ஆப்பைக் கழட்டிக்கிட்டுப்போய், படகுக்கு அடியில, வெளிய இருந்து ஓட்டையில அடிச்சிருக்காங்க.”

“எதுக்கு?” என்றாள் டீச்சர்.

“வெளிய அடைச்சாத்தான் உள்ள வால்வைக் கழட்ட முடியும். இல்லேன்னா கடல் உள்ள வந்துடும். படகு தரையில இருந்தா ஆப்பே தேவையில்ல, சாவகாசமா கழட்டலாம். ஆக, இந்த வால்வை மாத்தினது படகு தண்ணிக்குப் போனப்புறம். எங்க அண்ணன் பழைய வால்வையே மாட்டி ஏமாத்தியிருந்தா, அதை மறுபடி ஏன் ஒருத்தன் மாத்தணும்? அவர் நல்லதைத்தான் மாட்டினார். அதைக் கழட்டிட்டு யாரோ பழசை மாட்டியிருக்காங்க.”

“பழசு எப்படிக் கிடைக்கும்?” டீச்சர் விடவில்லை. கணக்கு டீச்சர் அல்லவா.

“கழட்டின சாமானை எல்லாம் பையில போட்டு ஓனர் கையில குடுக்கறது எங்கப்பா வழக்கம்” என்றான் லொள்ளு. “நாளைக்கு எவனும் திருடிட்டான்னு சொல்லக்கூடாதுன்னு. பாருங்க, சொல்லிட்டீங்க.”

டீச்சர் அவனை முறைத்தாள். அவளுடைய பார்வை ஆப்பின் நீல வளையத்திலேயே நின்றது.

“இன்னொண்ணு” என்றாள் அத்தை. “இந்த வேலைக்கு ரெண்டு ஆள் வேணும். ஒருத்தன் உள்ள உக்காந்து வால்வைத் திருகணும். இன்னொருத்தன் தண்ணிக்குள்ள போய் ஆப்பை அடிக்கணும். இந்தத் துறைமுகத்துல தண்ணிக்குள்ள போறவன் எத்தனை பேர்?”

டைவரின் முகம் வெளுத்து, அவன் கால் தானாக ஏணிப் பக்கம் ஒரு அடி பின்னால் போனது.

லொள்ளு பாய்ந்தான். இத்தனை நாள் மனதுக்குள் எத்தனை தடவை பிடித்துப் பார்த்த காலர் அது! கையில் கிடைத்ததும் விடுவானா? “நீதானாடா? எங்கப்பா கையைப் பிடிச்சு ஜீப்ல ஏத்தினப்ப நீ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தியேடா!”

“தம்பி!” டீச்சரின் குரல் கிறீச்சிட்டது. “நீயா? உங்க மாமாவையா?”

“இல்லக்கா! சத்தியமா இல்லக்கா!” டைவர் திமிறவில்லை. காலர் லொள்ளுவின் கையில் இருக்க, அப்படியே அழுதான். “மாமா சொல்லித்தான் பண்ணினேன்.”

“சொல்லு” என்றாள் அத்தை. “லொள்ளு, விடு. மூச்சு இருந்தாத்தான் பேச முடியும்.”

“அன்னைக்கு சாயங்காலம் மாமா கூப்பிட்டார். ‘ஃபிட்டர் மாட்டினதுல ஒண்ணு கசியுது, வேற மாட்டப் போறேன், வெளிய ஆப்பை அடி’ன்னார். ‘யார்கிட்டயும் சொல்லாத, அந்த ஆள் மனசு நோகும்’னார். நான் நம்பினேன். நல்ல மனசுன்னு நினைச்சேன். படகைத் தூக்கினப்புறம்தான் பாத்தேன், உடைஞ்சது அந்த வால்வுதான், அதுவும் அரிச்சுப்போன பழசுன்னு. அதுக்குள்ள அக்கா நீ எல்லார்கிட்டயும் மாமாவை சாமி மாதிரி சொல்லிட்டே. ஆப்பை அடிச்சது என் கை. வாயைத் திறக்கத் தைரியம் வரல.”

“பொய்” என்றாள் டீச்சர். “பயத்துல உளர்றான். செத்தவர் மேல பழி போட்டுத் தப்பிக்கப் பாக்கறான்.”

“பொய்யா மெய்யான்னு பாத்துடலாம்” என்றாள் அத்தை. “கழட்டின வெண்கல வால்வு எங்க, தம்பி?”

“கடல்ல போடச் சொன்னார். போட்டுட்டேன்.”

அத்தை முதன்முறையாகச் சிரித்தாள். “புத்தம் புது வெண்கலத்தை? துறைமுகத்துல பொறந்து வளர்ந்தவன் கடல்ல போட்டானா? துருப்பிடிச்ச போல்ட்டைக்கூட டப்பாவுல சேர்த்து வெக்கற ஆளுங்கப்பா நீங்க. லொள்ளு, இவனோட படகு எங்க நிக்குது?”

கேள்வி முடிவதற்குள் லொள்ளு ஏணியில் பாதி இறங்கிவிட்டான். பட்டறைக்குப் பின்னால், படித்துறையில், டைவரின் சின்ன வேலைப்படகு கட்டிக் கிடந்தது. கயிறு, காற்றுக் குழாய், ரப்பர் சூட்டு எல்லாவற்றையும் வாரிப் போட்டுவிட்டு அடிப்பலகையைத் தூக்கினான். எஞ்சின் பக்கத்தில், அந்த ஓட்டைப் படகுக்குக் கொஞ்சமும் பொருந்தாத பளபளப்பில் ஒரு வெண்கல வால்வு உட்கார்ந்திருந்தது. அதன் பக்கவாட்டில் பஞ்ச்சால் குத்திய இரண்டு புள்ளிகள். தான் மாட்டுகிற எல்லாவற்றிலும் அப்பா குத்துகிற புள்ளிகள். ‘நாளைக்குப் பழுதுன்னு வந்தா, நம்ம வேலையான்னு நமக்குத் தெரியணும்ல’ என்பார்.

லொள்ளு அதைத் தடவிப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு ஓடினான்.

படத்தை டீச்சரிடம் நீட்டியபோது அவள் நெடுநேரம் பார்த்தாள்.

“தூக்கிப் போட மனசு வரலக்கா” என்றான் டைவர், தலையைக் குனிந்துகொண்டு. “என் படகுல இருந்தது ஓட்டை வால்வு.”

“சரி” என்றாள் டீச்சர். அவள் குரல் மரத்துப் போயிருந்தது. “மாத்தினார்னே வெச்சுக்கோங்க. தன் படகைத் தானே மூழ்கடிக்க அவருக்குப் பைத்தியமா?”

“போன வருஷம் கேப்டன் கிளப்போட பயிற்சிப் படகைப் பாறையில ஏத்தினார், ஞாபகம் இருக்கா?” என்றாள் அத்தை. “சுக்கான் பழுதுன்னார். விசாரணையில எங்க அண்ணன் சுக்கானைக் கழட்டி மேஜை மேல வெச்சு, ‘இது நல்லாத்தான் இருக்கு, பிடிச்ச கைதான் சரியில்ல’ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. கேப்டனோட தலைமைப் பயிற்சியாளர் வேலை போச்சு. அன்னையில இருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. அப்படிப்பட்டவர் திடீர்னு வந்து, கட்டிப் பிடிச்சு, நாலு வால்வையும் நீதான் மாத்தணும்னு வேலையைக் குடுக்கறார். பகையாளியைத் தேடிவந்து வேலை குடுப்பாங்களா டீச்சர்?”

லொள்ளுவுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அப்பா வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், ‘மனுஷன் மாறிட்டார்டா’ என்று நாலு தடவை சொன்னார். இப்போது அவனுக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

“படகு ஆள் இல்லாதப்ப மூழ்கணும்” என்றாள் அத்தை. “ தூக்கிப் பாத்தா பழைய வால்வு இருக்கணும். ஃபிட்டர் பேரு நாறணும். அவ்வளவுதான் திட்டம். இதோ, பித்தளை கழுத்துல விரிசல் இருந்திருக்கு. திறந்து வெச்சிட்டுப் போனா ராத்திரி முழுக்க ஒழுகி, விடியறதுக்குள்ள படகு உக்காந்துடும். மூடியிருந்தா ஒரு சொட்டு வராது.”

அத்தை டைவரைப் பார்த்தாள். “மாத்தி முடிச்சு, கிளம்பறப்ப உங்க மாமா என்ன பண்ணினார்?”

“எல்லா வால்வையும் மூடிட்டுத்தான் வந்தார். வழக்கமா மூடுவாரே. கை தானா போகும்.”

டீச்சர் பிரமை பிடித்தவள் போலச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்களே சொன்னீங்க டீச்சர், மூடாம இறங்கற ஆளே இல்லைன்னு. சரிதான். மூடிட்டார். திறந்து வெக்க வேண்டியதைப் பழக்கதோஷத்துல மூடிட்டார். சாப்பிட உக்காந்தப்பதான் உறைச்சிருக்கு. நீங்க அவர் மூட மறந்துட்டார்னு நினைச்சீங்க. அவர் எழுந்து ஓடினது திறக்க.”

“எப்படிச் சொல்றீங்க?” கேள்வி கிசுகிசுப்பாக வந்தது.

“கைப்பிடியைப் பாருங்க. பழைய வால்வு, மூடினதும் இறுகிப்போயிருக்கு. கையால வரல. இரும்புக் குழாயைச் சொருகி நெம்பியிருக்கார், குழாய் இங்கயே கிடக்கு. நெம்பின பக்கம்தானே கம்பி வளையும்? எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கு?”

டீச்சர் மண்டியிட்டாள். புடவை சேற்றில் புரண்டது. உடைந்த வால்வின் கைப்பிடியில் கையை வைத்து, பக்கத்தில் இருந்த நல்ல வால்வை ஒருமுறை மூடினாள், ஒருமுறை திறந்தாள். மறுபடி மூடினாள், மறுபடி திறந்தாள். விடையைச் சரிபார்க்கிற மாதிரி அவளே சரிபார்த்தாள்.

“திறக்கிற பக்கம்” என்றாள்.

“நெம்பினதுல அரிச்சுப்போன கழுத்து முறிஞ்சுடுச்சு. ஒழுக வேண்டிய இடத்துல கடலே வந்துடுச்சு. அவர் வெளிய ஓடியிருக்கலாம். ஆனா வெளிச்சம் தெரியக்கூடாதுன்னு கேபின் கதவை உள்ளருந்து இழுத்துச் சாத்தியிருந்தார். படகு சாஞ்சதும் கதவு இறுகிக்கிச்சு. தம்பிதானே அதை உடைச்சு உடம்பை எடுத்தான்? வால்வை மூட வந்தவருக்குக் கதவைச் சாத்திக்க என்ன அவசியம் டீச்சர்?”

டீச்சர் எழுந்திருக்கவில்லை. லொள்ளு அவளைப் பார்த்தான். அப்பாவை அறைந்த கை, சேறு படிந்து, தரையில் ஊன்றியிருந்தது. இந்த நிமிஷத்துக்காக அவன் எத்தனை வசனம் தயார் செய்து வைத்திருந்தான்! ஒவ்வொன்றும் ஊசி. எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது.

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

“சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்து” என்றாள், யாரையும் பார்க்காமல். “என் கண்ணைப் பாத்து. கடமைன்னு நம்ப வெச்சிட்டுப் போயிருக்கான்.”

அவர், அவர் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அவன் என்றாள். டைவர் நடுங்கிப் போனான். “அக்கா, இது நம்மோட போகட்டும்கா. ஃபிட்டரை எப்படியாவது வெளிய எடுத்துடலாம். மாமா பேரு கெட்டுடும்கா.”

“கெடட்டும்.” அவள் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தாள். “அவனை உயிரோட பிடிக்க முடியல. பேரையாவது பிடிக்கறேன். நட.”

இன்ஸ்பெக்டர் பட்டறைக்கே வந்து டைவரின் படகிலிருந்த வெண்கல வால்வைக் கழற்றி எடுத்துக்கொண்டார், டைவரின் வாக்குமூலத்தையும் எழுதிக்கொண்டார். ஃபிட்டரைத் தானே கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். “எங்க கூட்டிட்டு வரணும், வீட்டுக்கா?” என்று அவர் கேட்டதற்கு டீச்சர்தான் பதில் சொன்னாள். “கிளப்புக்கு.”

கிளப் மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் கேப்டனின் படம், ஆள் உயரத்துக்கு. தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தீர்மானத்தைப் படிக்க எழுந்தார். டீச்சர் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். புடவையில் சேறு காயவில்லை.

“முதல்ல பின்னாடி இருக்கறவங்க கதவைச் சாத்துங்க. யாரும் பாதியில எழுந்து போகக்கூடாது.”

சாத்தினார்கள். அந்தக் குரலுக்கு வகுப்பறையில் பழகியவர்கள் பாதிப் பேர் அங்கேயே இருந்தார்கள்.

“என் புருஷனைக் கொன்னவனைக் கண்டுபிடிச்சாச்சு. அவன் இந்த மண்டபத்துலதான் இருக்கான்.”

தலைகள் சடசடவெனத் திரும்பின. பாதிக் கண்கள் லொள்ளுவின் மேல் வந்து விழுந்தன. சில பேர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள். லொள்ளு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

டீச்சர் திரும்பி, கையை நீட்டி, படத்தைக் காட்டினாள்.

“இவன்தான்.”

பிறகு சொன்னாள். ஆப்பு, வால்வு, வளைந்த கைப்பிடி, சாத்திய கதவு. ஒன்றைக்கூட விடவில்லை, ஒன்றைக்கூட மெழுகவில்லை. தம்பியை மேடையேற்றி அவன் வாயாலும் சொல்ல வைத்தாள். கூட்டத்தில் ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்க்கக் கூசினார்கள். லொள்ளுவுக்கு நெஞ்சு நிறைந்து வழிந்தது. கேப்டனை நினைத்து ஐயோ பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை. செத்தவனைப் பழிவாங்க முடியாது என்றுதான் அவன் நினைத்திருந்தான். முடியும் என்று அந்தப் பெண் காட்டிக்கொண்டிருந்தாள்.

“இப்ப ஃபிட்டர் வருவார்” என்றாள் டீச்சர். “அவரைத் திருடன், கொலைகாரன்னு சொன்னவங்க எல்லாரும் எழுந்து இந்தப் பக்கம் வரிசையா நில்லுங்க. யார் யார் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. சொல்லச் சொன்னதே நான்தான். முதல் ஆளா நான் நிக்கறேன்.”

மைக்கை மேஜை மேல் வைத்துவிட்டு இறங்கி வந்து நின்றாள். பிறகு தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளுக்குப் பின்னால் போய் நின்றார். அப்புறம் கிரேன்காரர். அப்புறம் வரிசை கதவு வரைக்கும் நீண்டது.

கதவு தட்டப்பட்டது. இன்ஸ்பெக்டரோடு ஃபிட்டர் உள்ளே வந்தார். தாடி, கசங்கின சட்டை, வெளிச்சம் கூசுகிற கண்கள். வரிசையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். என்ன நடந்தது என்று இன்ஸ்பெக்டர் வழியிலேயே சொல்லியிருக்க வேண்டும், எதுவும் கேட்கவில்லை.

டீச்சர் அவர் முன்னால் வந்து கையை நீட்டினாள். “இந்தக் கைதான் உங்களை அறைஞ்சுது. என்ன வேணா பண்ணுங்க. மன்னிச்சுட்டேன்னு மட்டும் சொல்லுங்க.”

மண்டபமே அவர் வாயைப் பார்த்தது. சாது மனுஷர், சொல்லிவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். லொள்ளுவும் அதைத்தான் நினைத்தான், நினைத்துப் பயந்தான். அத்தை மட்டும் அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டு, லொள்ளுவின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ஃபிட்டர் மெல்ல நடந்து மேடையேறினார். தலைவரின் நாற்காலியை இழுத்து, வரிசையைப் பார்த்தபடி போட்டு, உட்கார்ந்தார். முழங்கால் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

“அதுக்கு எனக்கு இன்னும் நேரம் ஆகும், டீச்சர்” என்றார். “வரிசை அப்படியே நிக்கட்டும்.”